தங்கை மகள் தத்துவம் படிக்கலாமா?

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தங்கை மகள் பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ்வழியில் நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, இளங்கலையில் தத்துவத்தைத்தான் முதன்மைப் பாடமாக எடுப்பேன் என்று நிற்கிறாள். பெண்ணின் தந்தையோ கணினி அறிவியலில் சேர்த்தே தீருவது என்றிருக்கிறார். இடையில் அகப்பட்டுக்கொண்ட தாய்மாமன், அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள், முடித்தால் சோற்றுக்கு வழி உண்டா, எங்கே சேர்ப்பது, ஆங்கிலத்தில் இருக்கும் பாடத்தை அவளால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்கிறார். அந்தப் பாடத்தையே இளங்கலையிலும் முதுகலையிலும் படித்து, முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் அதையே வகுப்பில் சொல்லி ஓய்வுபெற்று, இப்போது பாளையங்கோட்டையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். நம் பக்கத்தில் 'தத்துவம் பேசாதே' என்று ஒருவரை அடக்கும்போது நாம் குறிப்பிடுவது, வாழ்க்கை நிலையற்றது, வந்தது போகும் என்பது போன்ற பேச்சை. ஆட்டோவின் முதுகில் எழுதியிருப்பதும் அதுதான், துக்க வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் சொல்வதும் அதுதான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் கல்லூரியில் மூன்றாண்டுகள் படிப்பது அதுவல்ல. அங்கே ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு, இதைச் சொல்பவர் உண்மையில் என்ன சொல்கிறார், அதற்குக் காட்டும் காரணம் என்ன, அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்குமா, தாங்காதென்றால் எந்த இடத்தில் முறிகிறது என்று பார்க்கப் பழக்குகிறார்கள். பொன்மொழி இயற்றும் ஆசையோடு வருகிற பிள்ளைகள் முதல் பருவத்திலேயே சலித்துப்போவதையும், வீட்டில் 'எதிர்த்துப் பேசுகிறாள்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அதே வகுப்பில் மலர்வதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தருக்கவியல் என்ற பாடம் பெரும்பாலும் முதலாண்டிலேயே வரும். அரிஸ்டாட்டிலின் முறையில் தொடங்கி, குறியீடுகளால் எழுதும் இக்காலத் தருக்கம் வரை அதில் அடங்கும். கணக்கு பிடிக்கும் பிள்ளைக்கு அது கணக்குப் போலவே இருக்கும். இந்தியத் தருக்கத்தின் பழைய எடுத்துக்காட்டு உங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், புகை இருக்குமிடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையில் இருப்பதுபோல. இதைத் தமிழில் மணிமேகலை 29-ஆம் காதையிலேயே, பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்ற ஐந்து உறுப்புகளோடு, அடுக்களை உவமை உட்படக் காணலாம். ஆனால் கார்த்திகை மாதக் காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து பொதிகையைப் பார்த்தால் மலையிலிருந்து எழுவது புகையைப் போலவே இருக்கும், அது பனிமூட்டம். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? 'புகை இருந்தால் நெருப்பு இருக்கும்' என்ற விதியிலா, 'இது புகை' என்று கண்டதிலா? இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், கைப்பேசியில் வந்து சேரும் செய்திகளில் பாதியை அவளாகவே தள்ளிவிடுவாள்.

இதைச் சொல்லும்போது நம் சீமையின் கணக்கு ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. தத்துவம் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று அவளுடைய தந்தை நினைக்கக்கூடும். உங்கள் ஊருக்கு அருகிலிருக்கும் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் சிவஞான முனிவர். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான மெய்கண்டாரின் சிவஞான போதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதியவர், 1785-இல் மறைந்தவர். அவரை இலக்கணக்காரராகவும் சைவப் பெரியவராகவும் மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வடமொழியிலுள்ள தருக்க சங்கிரகத்தை, அதாவது நியாயம் என்னும் இந்தியத் தருக்க மரபுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கையில் எடுக்கும் சிறு நூலை, தமிழில் பெயர்த்துத் தந்தவரும் அவரே. ஒரு சொல்லின் பொருளை விட்டுக்கொடுக்காமல் 'எடுத்தென்னும் சொல்லுக்கிட்ட வைரக்குப்பாயம்' என்று தனி நூலே எழுதினார். ஒரு சொல்லுக்கு வைரத்தால் சட்டை தைத்த மனிதர் தாமிரபரணிக் கரையில் பிறந்திருக்க, நம் பிள்ளை தருக்கம் படிக்க ஆசைப்படுவதை விபரீதம் என்று எப்படிச் சொல்வது?

ஆற்றின் போக்கில் கீழே போனால் இன்னும் இருக்கிறது. ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரின் ஊர். இராமானுசரின் விசிட்டாத்துவைத மரபில், தென்கலை வைணவர்கள் ஆசாரியராகப் போற்றும் மணவாள மாமுனிகள் 1370-இல் பிறந்ததும் அங்கேதான். சிவஞான போதத்துக்கு 1935-இல் உரை வெளியிட்டவர் கப்பலோட்டிய வ.உ.சி. என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இன்னொரு பக்கம், பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, பொருளே முதல், எண்ணம் பிறகு என்னும் பொருள்முதல்வாத நோக்கில் தமிழ் மரபை ஆராயக் கற்றுத்தந்தவர் நா. வானமாமலை. மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில் 1990-இல் நமக்குப் பல்கலைக்கழகம் வந்தது. 'நீராருங் கடலுடுத்த' பாடலைப் பாடியவர் என்ற அளவோடு அவரை நிறுத்திவிடுகிறோம். அவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். பட்டமளிப்பு விழாவில் அவருடைய பாட்டுக்கு எழுந்து நிற்கிற ஊரில், அவர் கற்பித்த பாடத்தை எடுத்தால் பிழைக்க முடியாது என்று சொல்வது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவது, அவன், அவள், அது என்று சுட்டப்படும் இவ்வுலகம் தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்ற மூன்று தொழிலை உடையதாதலால், அதனை ஒடுக்கியவனிடமிருந்தே அது மீளத் தோன்றும் என்கிறது. இதைப் பக்திப் பாடலாக ஓதலாம். தத்துவ வகுப்பில் இதை ஒரு வாதமாகப் பிரித்து வைக்க வேண்டும். உடனே மறுப்பு எழும். ஒரு பயிர் முளைப்பதையும் ஒரு மாடு சாவதையும் கண்டிருக்கிறோம். உலகம் முழுவதும் ஒருசேரத் தோன்றியதையோ ஒடுங்கியதையோ யார் கண்டது? அது என்றும் இப்படியே இருந்து வருகிறது என்று சொன்னால் என்ன குறை? இந்த மறுப்பைச் சொல்பவர் ஒரு நாத்திகர் என்று நினைத்துவிட வேண்டாம். சிவஞான போதத்தின் வழிநூலான சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியாரே இதை முன்வைத்துவிட்டுத்தான் விடை சொல்லப் புகுகிறார். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின் 1779-இல் வெளிவந்த உரையாடல் நூலிலும் இதற்கு உறவான கேள்வி வருகிறது: பகுதிகளுக்குத் தனித்தனியே காரணம் சொல்லி முடித்த பிறகு, மொத்தத்துக்கு என்று இன்னொரு காரணம் கேட்பது நியாயமா? எடின்பரோவிலும் தமிழ்நாட்டிலும், ஐந்நூறு ஆண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு பேர் ஒரே இடத்தில் கையை வைத்திருக்கிறார்கள். இதை முதன்முறை கவனித்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. விடுதியில் விளக்கணைத்த பிறகும் தூக்கம் வரவில்லை.

சித்தியாரின் அமைப்பையும் அவளிடம் சொல்லுங்கள். அது பரபக்கம், சுபக்கம் என்று இரு பகுதியாக இருக்கிறது. தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், காண்பதே உண்மை என்னும் உலகாயதன் தொடங்கி பௌத்தர், சமணர், உலகம் மாயை என்னும் மாயாவாதி என்று பிறருடைய கொள்கையை ஒவ்வொன்றாக அவரவர் வாயாலேயே சொல்லவிட்டு, பிறகே மறுக்கிறார். எதிராளியின் கொள்கையை அவன் கேட்டாலும் 'ஆம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சொல்லத் தெரிய வேண்டும் என்பதே இதன் உட்பொருள் என்று நான் கொள்கிறேன். (நடைமுறையில் எல்லா வாதிகளும் இதைச் சரியாகச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன், சித்தியாரைப் படித்த ஒரு பௌத்தர் சில இடங்களில் முகம் சுளிக்கவே செய்வார்.) இளங்கலைத் தத்துவத்தின் பயன் என்ன என்று கேட்டால், மூன்றாண்டு முடிவில் பரபக்கம் எழுதத் தெரிந்திருப்பது என்றே நான் சொல்வேன்.

மற்றப் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத் தத்துவம், தேகார்த்திலிருந்து காண்ட் வரையிலான நவீன மேலைத் தத்துவம், நியாயம், சாங்கியம், வேதாந்தம் முதலிய தரிசனங்களோடு சார்வாகம், சமணம், பௌத்தம், அறவியல், சமய மெய்யியல், அரசியல் தத்துவம், காந்தி, அம்பேத்கர் ஆகியோரின் சிந்தனை என்று பாடத்திட்டங்கள் போகும். சில கல்லூரிகளில் சைவ சித்தாந்தம் தனித் தாளாகவே உண்டு. 1781-இல் வந்த காண்டின் பெருநூலை இளங்கலையில் முழுதாகப் படிப்பார் யாருமில்லை. படித்ததாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இனி சோற்றுக் கேள்வி. இதில் பூசி மெழுகிப் பேசுவது பாவம். தத்துவப் பட்டத்தைப் பார்த்து நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து ஆளை அழைத்துக்கொண்டு போவதில்லை. பள்ளி ஆசிரியை ஆகலாம் என்ற எண்ணமும் எளிதில் கைகூடாது. மேனிலை வகுப்பில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்று ஒரு பாடம் இருக்கிறது என்றாலும், அதை வைத்திருக்கும் பள்ளிகள் குறைவு. கல்லூரி ஆசிரியப் பணிக்கு முதுகலையும், அதற்குமேல் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். துறைகளே சில என்பதால் இடங்களும் சிலவே. இந்த ஒரு வழியை மட்டும் நம்பி இறங்குவதாக இருந்தால், நானே வேண்டாம் என்பேன்.

ஆனால் இளங்கலைப் பட்டம் ஒரு வீட்டின் முன்வாசல்தான். எந்த அறைக்குள் போவது என்பது பிறகு. எந்தப் பட்டமும் போதும் என்று இருக்கிற தேர்வாணையத் தேர்வுகளும் வங்கித் தேர்வுகளும் அவளுக்கும் திறந்தே இருக்கின்றன. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப்பாடம், தாளுக்கு 250 மதிப்பெண்ணாக இரண்டு தாள். அதோடு 2013 முதல் எல்லோரும் எழுதியாக வேண்டிய அறவியல் தாள் 250 மதிப்பெண்ணுக்கு இருக்கிறது. பிறர் பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படிப்பதில் ஒரு பகுதியை இவள் வகுப்பிலேயே படித்திருப்பாள். அதற்காகவே தத்துவம் எடுக்கச் சொல்வது முறையன்று. அந்தத் தேர்வில் தேறுவோர் எத்தனை பேர் என்பது உங்களுக்கும் தெரியும்.

என் மாணவர்களில் நன்றாக நிலைபெற்றவர்கள் அதிகமாகச் சென்றது சட்டத்துக்கு. பட்டம் முடித்தபின் மூன்றாண்டு சட்டப்படிப்பு இருக்கிறது; அரசு சட்டக் கல்லூரி 1996 முதல் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. ஒரு தீர்ப்பின் முடிவையும் அதற்கான காரணத்தையும் பிரித்துப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இன்னும் சிலர் இதழியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் சமூகப்பணிக்கும் போனார்கள். ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில், வாடிக்கையாளர் கேட்பது உண்மையில் என்ன என்று எழுதிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறார். 'நீங்கள் சொல்லிக்கொடுத்த பரபக்கம்தான் சார் இது' என்று ஒரு முறை சொன்னார். எப்படியானாலும் இரண்டாவது கைத்தொழில் ஒன்றை மூன்றாண்டுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நல்ல ஆங்கில எழுத்து, அல்லது புள்ளியியல், அல்லது நிரலெழுதுதல், அல்லது வடமொழி. குறியீட்டுத் தருக்கம் படித்தவளுக்கு நிரலெழுதுதல் அந்நியமாக இருக்காது என்பதைத் தந்தையிடம் சொன்னால் அவருடைய மனம் ஓரளவு ஆறலாம்.

எங்கே சேர்ப்பது? நெல்லையில் தமிழும் வரலாறும் வணிகவியலும் கிடைப்பதுபோல் இது கிடைக்காது; வெளியூர் போகத் துணிய வேண்டும். அருகில் என்றால், மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையிலுள்ள கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரி; இயேசு சபையினர் நடத்துவது, தத்துவத்துறைக்குப் பெயர்பெற்றது. சென்னையில் மாநிலக் கல்லூரியும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியும் இருக்கின்றன. பின்னதில் படித்து முன்னதில் 1909-இல் ஆசிரியரானவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். சுந்தரனார் கற்பித்த மகாராஜா கல்லூரி இன்று திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் இருக்கிறது. நாகர்கோவில் வழியாக ரயிலில் போனால் சென்னையைவிட மிகவும் பக்கம், ஆனால் கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் படிப்பு. தில்லிக் கல்லூரிகளுக்கு மத்தியப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் இந்த ஆண்டுச் சேர்க்கை, பெண்களுக்கான விடுதி, துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் ஆகிய மூன்றையும் நேரில் போய்க் கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில், பாடம் என்பது பழுப்பேறிய குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்வது என்றே இருந்தது. மூன்றாண்டில் ஒருவர்கூட ஒரு மூலநூலைத் தொடாமல் பட்டம் வாங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தத்துவம் படிப்பதைவிட, நல்ல ஆசிரியரிடம் வரலாறோ பொருளியலோ படிப்பது மேல். துறைக்குப் போகும்போது இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, 'இந்தப் பருவத்தில் எந்த நூலைப் படித்தீர்கள்' என்று கேட்டாலே விளங்கிவிடும்.

ஆங்கிலம் பற்றி அஞ்ச வேண்டியதுண்டு, ஆனால் அஞ்சி ஓட வேண்டியதில்லை. நானும் தமிழ்வழியில் படித்துப் போனவன்தான். தேகார்த்தின் 'தியானங்கள்' நூலில் முதல் தியானம் சில பக்கங்களே. அகராதியோடு உட்கார்ந்து எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. இரண்டாவது தியானத்துக்கு நான்கு நாள். தத்துவத்தில் ஒரு வசதி, பக்கங்கள் குறைவு, சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மெதுவாகப் படிப்பவருக்கு இந்தப் பாடத்தில் நட்டமில்லை, சில சமயம் அதுவே ஆதாயம். தமிழில் துணைநூல்களும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் முன்பு கல்லூரிகளுக்காக வெளியிட்ட தமிழ் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பாடநூல்களை இ-ஞானகோஷ் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம், எளிய ஆங்கிலம்தான்.

நீங்கள் எழுதாத கேள்வி ஒன்றும் உண்டு என்று ஊகிக்கிறேன்: இதைப் படித்தால் பிள்ளை கோயில் குளத்தை விட்டுவிடுவாளோ என்பது. விட்டவர்களையும் கண்டிருக்கிறேன், விட்டிருந்து திரும்ப வந்தவர்களையும் கண்டிருக்கிறேன், முன்பு கடனுக்குக் கும்பிட்டவர்கள் பொருள் தெரிந்து கும்பிடத் தொடங்கியதையும் கண்டிருக்கிறேன். இதில் நான் உறுதி எதுவும் தர முடியாது. கணினி அறிவியல் துறையும் தராது.

சேர்க்கைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன என்பதால், அவளுடைய ஆசை நிற்குமா என்று பார்க்க இரண்டு வேலைகளைக் கொடுங்கள். ஒன்று, மணிமேகலை 27-ஆம் காதை. வஞ்சி நகரில் மணிமேகலை, அறியும் வழிகளை ஆராயும் அளவைவாதி தொடங்கிச் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அதற்கு அவள் ஆண் வேடம் பூண வேண்டியிருந்தது. உங்கள் மருமகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணால் காண்பது தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்கிற பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். உரையோடு படித்துவிட்டு, அந்தக் கேள்விக்குப் பூதவாதி என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதும்போது நேரம் போவது தெரியாவிட்டால் நல்ல அடையாளம். எரிச்சல் வந்தால், இப்போதே தெரிந்தது நல்லது.

இரண்டாவது வேலை சற்றுக் கடினம். கணினி அறிவியல்தான் படிக்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்வதற்கான காரணங்களை, அவருடைய கடனையும் கவலையையும் சேர்த்து, கேலி ஒரு சொல்லும் கலவாமல், ஒரு பக்கத்தில் அவளே எழுத வேண்டும். எழுதியதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'ஆமா, நான் சொல்றது இதைத்தான்' என்று அவர் ஒப்புக்கொள்ளும் வரை அவள் திருத்தி எழுதட்டும். அவளுடைய பதிலை அதற்குப் பிறகு அவர் முன்னால் வைக்கட்டும். அப்போது நீங்களும் உடனிருங்கள், அண்ணாச்சி.